தேர்தலுக்கு முன் ஒரு வரி, தேர்தலுக்குப் பின் ஒரு வரி



சேலம் செவ்வாய்ப்பேட்டையில் நாற்பது ஆண்டுகளாக மொத்த மளிகை வியாபாரம் செய்து வருகிறோம். நமது கிடங்கிலிருந்து ஏற்றும் பருப்பு, சர்க்கரை, மிளகாய் மூட்டைகள் அஸ்தம்பட்டி, கோரிமேடு வழியாக அடிவாரம் சேர்ந்து, இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏற்காட்டுக்கும், அங்கிருந்து நாகலூர், வாழவந்தி, மஞ்சக்குட்டை என்று சேர்வராயன் மலை ஊர்களுக்கும் போகின்றன. ஏற்றுகூலி, வண்டி வாடகை, இறக்குகூலி எல்லாம் மூட்டையின் மேல் ஏறுகின்றன. இவை கண்ணுக்குத் தெரியும் செலவுகள். கண்ணுக்குத் தெரியாமல் மூட்டையோடு மலை ஏறுவது ஒன்று உண்டு. அதுதான் வரி.

மாநகராட்சித் தேர்தல் என்றால் மலை வணிகர்கள் பலர், "அது கீழே உள்ளவங்க பாடுங்க, நமக்கு என்னங்க?" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறோம். ஏற்காடு சேலம் மாநகராட்சிக்குள் இல்லை என்பது உண்மை. ஆனால் ஏற்காட்டுக் கடைக்கு வரும் சரக்கு கிடக்கும் கிடங்கு மாநகராட்சிக்குள் இருக்கிறது. அந்தக் கிடங்கின் சொத்து வரியை வாடகை சுமக்கிறது. வாடகையை மூட்டை சுமக்கிறது. மூட்டையை மலைக் கடைக்காரர் சுமக்கிறார். ஆகவே, கீழே மேயர் பதவிக்கும் மன்ற உறுப்பினர் பதவிக்கும் நிற்பவர்கள் வரியைப் பற்றி என்ன பேசுகிறார்கள், பிறகு என்ன செய்கிறார்கள் என்பதை மலை வணிகரும் கவனிக்க வேண்டும்.

நடந்ததைத் தேதி வாரியாகப் பார்ப்போம்

அரசியல்வாதியின் பேச்சைப் பேச்சாகக் கேட்டால் இனிக்கும். பேரேட்டில் பற்று, வரவு எழுதுவது போல் தேதி போட்டு எழுதிப் பார்த்தால்தான் பாக்கி தெரியும்.

2018 ஜூலை. அ.தி.மு.க. ஆட்சி. முதலமைச்சராக இருந்தவர் நமது சேலம் மாவட்டத்துக்காரரான திரு. எடப்பாடி பழனிசாமி அவர்கள். சொத்து வரி உயர்த்தப்பட்டது. குடியிருப்புகளுக்கு 50 சதவீதம் வரை, கடை, கிடங்கு போன்ற கட்டடங்களுக்கு 100 சதவீதம் வரை. பல ஆண்டுகளாக உயர்த்தவில்லை, நீதிமன்றமும் கேட்கிறது என்று காரணம் சொல்லப்பட்டது. அன்று எதிர்க்கட்சியாக இருந்த தி.மு.க. இது மக்கள் தலையில் ஏற்றும் சுமை என்று கண்டித்து வீதிக்கு வந்து ஆர்ப்பாட்டம் நடத்தியது.

2019 நவம்பர். உள்ளாட்சித் தேர்தல் பேச்சு எழுந்த நேரம். அதே அ.தி.மு.க. அரசு, தான் உயர்த்திய சொத்து வரியைத் தானே நிறுத்தி வைத்தது. பழைய வரியையே கட்டலாம், கூடுதலாகக் கட்டியது பின்னால் ஈடு செய்யப்படும், குழு ஆராயும் என்று அறிவிக்கப்பட்டது. உயர்வு நியாயம் என்றால் ஏன் நிறுத்தினார்கள்? நியாயமில்லை என்றால் ஏன் உயர்த்தினார்கள்? பதில் வரவில்லை. அதே மாதத்தில் இன்னொன்றும் நடந்தது. மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுப்பது என்பது போய், மன்ற உறுப்பினர்கள் கூடித் தேர்ந்தெடுப்பது என்று அவசரச் சட்டம் வந்தது.

2021 மார்ச். சட்டமன்றத் தேர்தல். கொரோனாவால் நொடிந்த பொருளாதாரம் சீராகும் வரை சொத்து வரியை உயர்த்த மாட்டோம் என்று தி.மு.க. தனது தேர்தல் அறிக்கையில் உறுதி கூறியது. ஊரடங்கில் பாதிக் கடை அடைத்துக் கிடந்த நமக்கு அந்தச் சொல் ஆறுதலாக இருந்தது.

2022 பிப்ரவரி 19. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சித் தேர்தல். மார்ச் 4-ஆம் தேதி மேயர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். சரியாக நான்கு வாரம் கழித்து, ஏப்ரல் 1-ஆம் தேதி, சொத்து வரி உயர்வு அறிவிப்பு வந்தது. சேலம் போன்ற மாநகராட்சிகளில் குடியிருப்புக்குப் பரப்பளவைப் பொறுத்து 25 முதல் 100 சதவீதம் வரை. வணிகக் கட்டடங்களுக்கு 100 சதவீதம். சென்னையின் பழைய பகுதிகளில் வணிகக் கட்டடங்களுக்கு 150 சதவீதம். இப்போது வீதிக்கு வந்து ஆர்ப்பாட்டம் நடத்தியது அ.தி.மு.க. 2018-இல் உயர்த்தியவர்கள் 2022-இல் எதிர்த்தார்கள். 2018-இல் எதிர்த்தவர்கள் 2022-இல் உயர்த்தினார்கள். பதாகையில் எழுதிய வாசகம் கூட ஏறக்குறைய ஒன்றுதான். தூக்கிப் பிடித்த கைகள்தான் மாறின.

இந்த நோய் சொத்து வரிக்கு மட்டும் உரியதல்ல. 2005 ஏப்ரலில் பெரும்பாலான மாநிலங்கள் மதிப்புக் கூட்டு வரிக்கு மாறியபோது, அன்றைய அ.தி.மு.க. அரசு நம் பக்கம் நின்று மறுத்தது. நாமும் பாராட்டினோம். தமிழ்நாட்டுக்கு அந்த வரி 2007 ஜனவரி 1-இல் தி.மு.க. ஆட்சியில் வந்தது. ஆனால் 2011 மே மாதம் மீண்டும் ஆட்சிக்கு வந்த அதே அ.தி.மு.க., ஜூலை மாதமே 4 சதவீதத்தை 5 ஆகவும், 12.5 சதவீதத்தை 14.5 ஆகவும் உயர்த்தியது. டெல்லியிலும் இதே கதைதான். ஜி.எஸ்.டி. வேண்டும் என்று 2006 பட்ஜெட்டிலேயே அறிவித்தது காங்கிரஸ் ஆட்சி. அதை அன்று எதிர்த்து நின்றது பா.ஜ.க. ஆண்ட குஜராத். 2017 ஜூலை 1-இல் அதைக் கொண்டு வந்தது பா.ஜ.க. ஆட்சி. அந்த நள்ளிரவு விழாவைப் புறக்கணித்தது காங்கிரஸ். எதிர்க்கட்சி வரிசையில் விஷமாக இருப்பது, ஆளும் கட்சி வரிசைக்கு வந்ததும் மருந்தாகி விடுகிறது.

நாம் மாலை போட்ட கதை

ஊரைக் குறை சொல்லும் முன் நம்மைப் பற்றியும் சொல்லி விடுகிறோம்.

2022 பிப்ரவரியில் வார்டு வேட்பாளர் ஒருவர் நமது வீதிக்கு வாக்குக் கேட்டு வந்தார். பெயரும் வேண்டாம், கட்சியும் வேண்டாம். வணிகர்கள் கூடி நின்றோம். "நாங்க வந்தா சொத்து வரியில ஒரு பைசா ஏறாதுங்க. ஏத்த விடமாட்டேன்" என்று சொன்னார். நாமே முன்னால் போய் மாலை போட்டோம். வாடிக்கைக் கடைக்காரர்களிடமும் "நல்ல மனுஷன், பார்த்துச் செய்யுங்கள்" என்று சொன்னோம். நாகலூர்ப் பக்கத்துக் கடைக்காரர் ஒருவர், நம்மிடம் முப்பது ஆண்டு வாடிக்கை, அஸ்தம்பட்டியில் சிறு மளிகை வைத்திருந்த தன் மகனிடமும் அந்தச் சொல்லைக் கொண்டு போய்ச் சேர்த்தார்.

உயர்வு வந்தது. வேட்பாளராக இருந்தவரைத் தேடிப் போனோம். "மேலிடத்து உத்தரவுங்க. எங்க கையில என்ன இருக்கு?" என்றார்.

அஸ்தம்பட்டி மகனின் கணக்கைக் கேளுங்கள். அவர் கடைக்கு அரையாண்டு வரி 1,500 ரூபாயாக இருந்தது 3,000 ஆனது. ஆண்டுக்குக் கூடுதல் 3,000 ரூபாய், அதாவது மாதம் 250. கட்டட உரிமையாளர் வாடகையில் ஏற்றியது மாதம் 750. வரி ஏறி விட்டது என்ற ஒரு வார்த்தையோடு சரி. ரசீதைக் காட்டவில்லை. கேட்கும் தைரியமும் வாடகைக்காரருக்கு இல்லை. கேட்டால் காலி செய்யச் சொல்வார்கள் என்ற பயம். எட்டு மாதம் தாக்குப் பிடித்தார். பிறகு கடையைக் காலி செய்துவிட்டு மலைக்கே திரும்பி விட்டார். அடுத்த முறை கடைக்குச் சரக்கு வாங்க வந்த தகப்பனார் நம்மிடம் கோபப்படவில்லை. "முதலாளி, நீங்க சொல்லித்தானுங்க போட்டோம்" என்று மட்டும் சொன்னார். அதற்கு நம்மிடம் பதில் இல்லை.

இதைவிட வெட்கமான கணக்கு நம்முடையது. நமது கிடங்குக்கு அரையாண்டு வரி 9,000 ரூபாயிலிருந்து 18,000 ஆனது. மாதத்துக்குக் கூடுதல் 1,500 ரூபாய். நம்மிடமிருந்து மாதம் சுமார் 3,000 மூட்டை போகிறது. அப்படியானால் மூட்டைக்கு 50 பைசா. ஐம்பது பைசாவை இன்று யார் வாங்குகிறார்கள், யார் கொடுக்கிறார்கள் என்று நாம் மூட்டைக்கு 1 ரூபாய் ஏற்றினோம். 1,500 ரூபாய் வரிக்கு 3,000 ரூபாய் வசூல். கட்டட உரிமையாளர் செய்ததற்கும் நாம் செய்ததற்கும் என்ன வித்தியாசம்? நாகலூர்க்காரர் முகத்தைப் பார்த்த பிறகுதான் இரண்டு மூட்டைக்கு 1 ரூபாய் என்று சிட்டையைத் திருத்தினோம்.

தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும். வரிச்சுமை அப்படியல்ல. யாரால் அடுத்தவர் தலையில் மாற்ற முடியாதோ அவரிடம் போய்த்தான் நிற்கும். மலைக் கடைக்காரரிடம் சாமான் வாங்குவோர் தோட்டத் தொழிலாளர்கள். வாரக்கூலி வந்ததும் கடன் அடைத்து, மறுபடி கடன் சொல்லி வாங்குபவர்கள். மழையில் காப்பித் தோட்ட வேலை நின்றால் அந்தக் கடனும் நிற்கும். அவர்களிடம் துவரம் பருப்புக்கு 2 ரூபாய் ஏற்றிச் சொல்ல மனமும் வராது, சொன்னாலும் விலை போகாது. ஆகவே வரி அங்கேயே தங்கி விடுகிறது.

வரியே வேண்டாம் என்கிறோமா?

இல்லை. சாக்கடை ஓட வேண்டும், தெரு விளக்கு எரிய வேண்டும், சந்தைக்கு லாரி வந்து போகச் சாலை வேண்டும். இதற்கெல்லாம் பணம் வானத்திலிருந்து விழாது. சென்னையில் 1998-க்குப் பிறகும், மற்ற ஊர்களில் 2008-க்குப் பிறகும் பொதுவான சொத்து வரிச் சீராய்வு நடக்கவில்லை என்று 2022-இல் அரசு சொன்னது. அதிலும் நியாயம் உண்டு. பதினான்கு ஆண்டுகளாக நாம் விற்ற பருப்பின் விலை அப்படியேவா இருந்தது?

நமது குறை வேறு. சொத்து வரிக்குக் குறைந்தபட்ச அளவை அறிவித்து, மாநில வளர்ச்சிக்கு ஏற்ப உயர்த்தி வந்தால்தான் நகரங்களுக்கு மானியம் என்று 15-ஆவது நிதிக்குழு நிபந்தனை போட்டது. அதனால்தான் உயர்த்தினோம் என்று அரசு விளக்கம் தந்தது. அந்த நிதிக்குழுவின் அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது 2021 பிப்ரவரி 1-ஆம் தேதி. தி.மு.க. தேர்தல் அறிக்கை வந்தது மார்ச் 13-ஆம் தேதி. மாநகராட்சித் தேர்தல் நடந்தது அதற்கும் ஓராண்டு கழித்து. நிபந்தனை போட்டது டெல்லி. டெல்லியில் ஆண்ட கட்சியும் சேலத்தில் வேட்பாளர்களை நிறுத்தியது. ஆக, எந்தக் கட்சிக்கும் இது தெரியாத விஷயமல்ல. "வரி ஏறும், இவ்வளவுதான் ஏறும், சிறு கடைக்கு இந்தச் சலுகை வாங்கித் தருவோம்" என்று பிப்ரவரியில் ஒருவர் சொல்லியிருந்தால் நாம் முணுமுணுத்திருப்போம். ஆனால் வாடகை ஒப்பந்தத்தை, விலையை, கடனை அதற்கு ஏற்ப முன்கூட்டியே சரி செய்திருப்போம். வணிகன் வரியைத் தாங்குவான். அது எப்போது, எவ்வளவு என்று தெரியாமல் இருப்பதைத் தாங்க மாட்டான்.

பெரிய நாடுகளிலும் இது நடந்தது. அமெரிக்காவில் 1988-ஆம் ஆண்டுத் தேர்தலில் புதிய வரி கிடையவே கிடையாது என்று மேடையில் உறுதி சொல்லி ஜார்ஜ் புஷ் (மூத்தவர்) அதிபரானார். 1990-இல் வரியை உயர்த்த ஒப்புக்கொண்டார். 1992 தேர்தலில் அவர் சொன்ன சொல்லையே எதிரிகள் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். தோற்றார். அங்கே வாக்காளர் பேச்சை நினைவில் வைத்திருந்தார். இங்கே நாம் மாலையின் பூ வாடும் முன்பே மறந்து விடுகிறோம்.

யார் கையில் என்ன இருக்கிறது?

"எங்கள் கையில் இல்லை" என்ற பதிலைத் தேர்தலுக்குப் பின் கேட்டு ஏமாறுவதை விட, எது அவர்கள் கையில் என்பதை முன்பே தெரிந்து கொள்வது நல்லது.

சொத்து வரி எத்தனை சதவீதம் உயர வேண்டும் என்பது மாநில அரசின் ஆணையில் வருகிறது. ஆகவே "ஒரு பைசா ஏறாது" என்று மாநகராட்சி வேட்பாளர் சொன்னால், தன்னிடம் இல்லாத சரக்குக்கு அவர் விலை பேசுகிறார் என்று அர்த்தம். ஆனால் மன்றத் தீர்மானம், பொது அறிவிப்பு, ஆட்சேபணைக்கு அவகாசம் என்று படிகள் உண்டு. நமது வீதியில் 2022-இல் எத்தனை பேர் எழுத்து மூலம் ஆட்சேபணை கொடுத்தோம்? கை விட்டு எண்ணி விடலாம். மாநகராட்சிக் கடைகளின் வாடகை, குப்பைக் கட்டணம், உரிமக் கட்டணம், கட்டடம் எந்த மண்டலத்தில் வருகிறது, அளவு சரியாக எடுக்கப்பட்டதா என்பவற்றில் மன்றத்தின் குரலுக்கு இடம் உண்டு. வேட்பாளரிடம் பேச வேண்டியது இவற்றைத்தான்.

2022 உயர்வோடு கதை முடியவும் இல்லை. ஆண்டுதோறும் சிறிது சிறிதாக ஏற்றும் முறை வந்திருக்கிறது. 2024 அக்டோபரில் சென்னையில் 6 சதவீதம் ஏறியது. வாடகை ஒப்பந்தம் எழுதும்போதெல்லாம் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

கணக்கோடு கேட்டால் பலன் உண்டு என்பதற்கும் சான்று இருக்கிறது. 2024 அக்டோபர் 10 முதல், பதிவு பெறாத கட்டட உரிமையாளரிடம் வாடகைக்கு இருக்கும் பதிவு பெற்ற வணிகரே வாடகைக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. கட்ட வேண்டும் என்று வந்தது. இணக்க முறையில் வரி கட்டும் சிறு வணிகருக்கு அதைத் திரும்பப் பெறவும் வழியில்லை. நாடெங்கும் வணிகர்கள் இதை எடுத்துச் சொன்னார்கள். 2024 டிசம்பரில் ஜி.எஸ்.டி. மன்றம் பரிந்துரைத்து, 2025 ஜனவரியில் இணக்க முறை வணிகருக்கு விலக்கு அறிவிக்கப்பட்டது.

அடுத்த முறை என்ன செய்வோம்?

2022 மார்ச்சில் அமைந்த மாநகராட்சி மன்றங்களின் ஐந்தாண்டு 2027 தொடக்கத்தில் நிறைவு பெறுகிறது. மலை ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. மலையிலும் வீட்டு வரி, தொழில் வரி, உரிமக் கட்டணம் உண்டு. ஊர் ஊராட்சியாக இருந்தாலும் பேரூராட்சியாக உயர்ந்தாலும் கேட்க வேண்டிய கேள்விகள் மாறப் போவதில்லை.

ஒன்று: வரி பற்றி நீங்கள் தருவது உங்கள் அதிகாரத்துக்கு உட்பட்ட வாக்குறுதியா?

இரண்டு: உங்கள் கட்சி ஆட்சியில் இருந்தபோது செய்ததையும், எதிர்க்கட்சியாக இருந்தபோது சொன்னதையும் நீங்கள் எப்படிப் பொருத்துகிறீர்கள்?

மூன்று: வரி உயர்வுத் தீர்மானம் வந்தால், சிறு கடைகளுக்குக் குறைந்த விகிதம் கேட்டு மன்றத்தில் பேசுவீர்களா? பேசியதைக் கூட்டக் குறிப்பில் பதிவு செய்வீர்களா?

நான்கு: எங்கள் வீதியிலிருந்து வசூலாகும் வரியில் எங்கள் வீதிக்கு என்ன செலவானது என்று ஆண்டுக்கு ஒருமுறை கணக்குக் காட்டுவீர்களா?

இந்த நான்குக்கும் பதிலை எழுதி வாங்கி, சங்கப் பலகையில் ஒட்டுவோம். ஐந்தாண்டு கழித்து அதே பலகையின் முன் நின்று அவர் வாக்குக் கேட்கட்டும். எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் இதே முறை. எழுதித் தர மறுப்பவருக்கு வணக்கம் சொல்வோம், மாலை வேண்டாம்.

நமக்கும் இரண்டு கட்டளை வைத்துக் கொள்வோம். வாடகை ஒப்பந்தத்தில், வரி உயர்ந்தால் ரசீதைக் காட்டி அந்த உயர்வை மட்டுமே பகிர்வது என்று ஒரு வாசகம் சேர்ப்போம். மொத்த வியாபாரிகளாகிய நாம், வரியின் பெயரால் மூட்டையில் ஏற்றும் காசு உண்மையில் ஏறிய வரியை மீறாமல் பார்த்துக் கொள்வோம். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். அடுத்தவர் தலையில் போடும்போது இன்னும் கவனமாக அளக்க வேண்டும்.

நாகலூர்க்காரர் இன்றும் நமது கடைக்குத்தான் வருகிறார். மகன் இப்போது மலையில் தகப்பனார் கடையிலேயே இருக்கிறார். ஒரு கடை தாங்க வேண்டியது இரண்டு குடும்பம். அடுத்த தேர்தலில் யாருக்குப் போடுவது என்று அவர் நம்மிடம் கேட்பாரா என்று தெரியவில்லை. கேட்டால் பெயர் சொல்ல மாட்டோம். பலகையில் ஒட்டிய தாளைக் காட்டுவோம்.

வணிகர் ஒற்றுமை ஓங்குக!